கரண்ட் இல்லாத கேம்ப்கிரவுண்டில் ஆர்.வி.: சோலார், பேட்டரி கணக்கு

ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) வாங்கியவர்கள் சோலார் பற்றிப் பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்பது "கூரையில் எத்தனை பேனல் போடலாம்?" என்பதைத்தான். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறீர்கள், அதிலும் பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் வெயில் ஏறும் வரை எவ்வளவு, இதுதான் முதலில் தெரிய வேண்டும். அந்த எண் கையில் இருந்தால் பேட்டரியும் பேனலும் கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும். இல்லாவிட்டால் விற்பவர் சொல்வதுதான் கணக்கு.

எல்லாருக்கும் இது தேவைப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் தனியார் ஆர்.வி. பார்க்குகளில் பெரும்பாலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கரண்ட் பெட்டி நிற்கும், அதில் செருகிவிட்டால் வீட்டில் ஓடுவதெல்லாம் இங்கேயும் ஓடும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். 50 ஆம்ப் என்றால் 6,000 என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதில் 120 வோல்ட் லைன் இரண்டு வருவதால் 12,000 வாட். எப்போதும் அந்த மாதிரி இடங்களிலேயே தங்குபவருக்கு சோலார் ஒரு ஆடம்பரம்தான். அங்கேயுள்ள தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள் வேறு கதை: பெரும்பாலானவற்றில் ஹூக்கப் (வண்டியைச் செருகும் வெளி இணைப்பு) கிடையாது, ஜெனரேட்டரைக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் ஓட்டலாம், சில பகுதிகளில் ஓட்டவே கூடாது. பி.எல்.எம். எனப்படும் மத்திய அரசுத் துறையின் பொது நிலங்களில் பல இடங்களில் 28 நாளுக்குள் 14 நாள் வரை கட்டணம் இல்லாமல் தங்கலாம், ஆனால் அங்கே கரண்ட் மட்டுமில்லை, தண்ணீர்க் குழாய்கூட இருக்காது. கீழே வருவதெல்லாம் அந்த மாதிரி இடங்களுக்காக.

வண்டிக்குள் இரண்டு விதக் கரண்ட்

ப்ளக்கைப் பிடுங்கிய முதல் ராத்திரியில் புதியவர்களைக் குழப்புவது இது: விளக்கு எரிகிறது, தண்ணீர் பம்ப் ஓடுகிறது, ஆனால் சுவரில் இருக்கும் சாக்கெட்டில் செருகிய லேப்டாப் சார்ஜ் ஆகவில்லை, மைக்ரோவேவ் செத்துக் கிடக்கிறது. வண்டியில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆர்.வி.க்குள் இரண்டு தனித்தனி வயரிங் இருக்கிறது. விளக்கு, பம்ப், ஹீட்டரின் ஃபேன், கூரை ஃபேன், கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி, இவையெல்லாம் 12 வோல்ட் டி.சி., நேராகப் பேட்டரியிலிருந்து ஓடுபவை. சாக்கெட், மைக்ரோவேவ், குளிரூட்டும் ஏ.சி. எல்லாம் வீட்டுக் கரண்ட் மாதிரி 120 வோல்ட் ஏ.சி. கரண்டில் ஓடுபவை, அவற்றுக்கு வெளி இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே இரண்டு பெட்டிகள் வருகின்றன. வெளியிலிருந்து வரும் 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கிப் பேட்டரியை நிரப்புவது கன்வெர்ட்டர், இது அநேகமாக எல்லா வண்டியிலும் ஏற்கெனவே இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை 120 ஆக்கி சாக்கெட்டுக்கு அனுப்புவது இன்வெர்ட்டர், இது பல வண்டிகளில் இருக்காது, நாம் சேர்த்தால்தான் உண்டு. இந்த இரண்டு பெயரையும் மாற்றிப் பேசித்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

வாட், வாட் அவர், ஆம்ப் அவர்

வண்டியில் நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும் இல்லையா, பேட்டரியும் அதே மாதிரிதான்: தொட்டியின் அளவு வாட் அவர், குழாயைத் திறந்தால் கொட்டும் வேகம் வாட், மேலிருந்து நிரப்பும் குழாய்தான் சோலார் பேனல். நிரப்பும் குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தொட்டி சின்னது என்றால் நடு ராத்திரியில் வறண்டுவிடும்.

60 வாட் லேப்டாப் நான்கு மணி நேரம் ஓடினால் 240 வாட் அவர். 1,500 வாட் இழுக்கும் மைக்ரோவேவ் ஆறு நிமிடம் ஓடினால் 150 வாட் அவர்தான். பார்க்கப் பயமாக இருப்பது மைக்ரோவேவ், அதிகம் குடிப்பது லேப்டாப். நேரத்தைப் பெருக்காமல் வாட்டை மட்டும் பார்த்துப் பயப்படுவதும், அதே காரணத்தால் சின்ன வாட்டைப் பார்த்து அலட்சியப்படுத்துவதும் ரொம்ப சகஜம்.

பேட்டரி மேல் ஆம்ப் அவர் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை வோல்ட்டால் பெருக்கினால் வாட் அவர் வந்துவிடும். 12 வோல்ட், 100 ஆம்ப் அவர் என்றால் 1,200 வாட் அவர், அதாவது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து இருபது யூனிட் கணக்கே இல்லாமல் செலவழித்துப் பழகியவருக்கு இந்த எண் ஒரு அதிர்ச்சி.

ஒரு நாள் செலவு

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் விட்டு விட்டு ஓடி நாளுக்கு ஏறக்குறைய 700 வாட் அவர் எடுக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். எல்.இ.டி. விளக்கு ஆறு, ஐந்து மணி நேரம், 90. தண்ணீர் பம்ப் மொத்தமே இருபது நிமிடம்தான் ஓடும், 30. லேப்டாப் 240, இரண்டு போன் 30, கூரை ஃபேன் எட்டு மணி நேரம் 240, மைக்ரோவேவ் 150. அப்புறம் நாம் எதையும் போடாதபோதும் குடித்துக்கொண்டே இருப்பவை இருக்கின்றன: கேஸ் டிடெக்டர், ரேடியோவின் கடிகாரம், ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு. எல்லாம் சேர்ந்து அரை ஆம்ப்பிலிருந்து ஒரு ஆம்ப் வரை, நாள் முழுக்க, அதற்கு ஒரு 170 வைப்போம். இன்வெர்ட்டர் வழியாகப் போவதில் பத்தில் ஒரு பங்கு சூடாக வீணாகும். கூட்டினால் 1,700 பக்கம் வருகிறது.

குளிர் இரவாக இருந்து ஹீட்டர் ஓடினால் இன்னொரு 300, 400 சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் ப்ரொபேன் கேஸில்தான் எரிகிறது, ஆனால் சூட்டை ஊதும் ஃபேன் பேட்டரியில் ஓடுகிறது, ஏழெட்டு ஆம்ப் இழுக்கிறது. நள்ளிரவில் ஹீட்டர் நின்று எல்லாரும் நடுங்கி எழுந்தால், சிலிண்டரைத் திறந்து பார்ப்பதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். சாட்டிலைட் இன்டர்நெட் வைத்து வேலை பார்ப்பவர்கள் அதையும் தனியாகக் கணக்கில் எழுத வேண்டும். 50 முதல் 75 வாட் என்பது சின்னதாகத் தெரிந்தாலும், 24 மணி நேரமும் ஓடவிட்டால் அது ஒன்றே 1,200 முதல் 1,800 வாட் அவர், அதாவது மேலே போட்ட மொத்தக் கணக்குக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இன்வெர்ட்டரே சும்மா இருக்கும்போது 10 முதல் 30 வாட் வரை எடுக்கும். 20 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 480. தேவை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், இதைவிடச் சுலபமான சேமிப்பு கிடையாது.

பழைய வண்டிகளில் ப்ரொபேன், கரண்ட் இரண்டிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கும். ப்ரொபேனில் விட்டால் பேட்டரிக்கு ஏறக்குறைய பாரமே இல்லை. ஆனால் அதை 'ஆட்டோ'வில் விட்டுவிட்டு, வண்டி முழுக்கக் கரண்ட் கொடுக்கும் பெரிய இன்வெர்ட்டரையும் போட்டால், வெளியே இருந்து கரண்ட் வந்துவிட்டது என்று அது நினைத்துக்கொண்டு கேஸை விட்டு மின்சாரத்துக்குத் தாவும், 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். வாட்டர் ஹீட்டரின் மின் காயில் அதைவிட மோசம், 1,400 வாட். இன்னும் விசித்திரமானது கன்வெர்ட்டர்: இன்வெர்ட்டர் தரும் 120 வோல்ட்டை எடுத்து அதே பேட்டரியை சார்ஜ் செய்யப் பார்க்கும், பேட்டரி தன்னைத்தானே நிரப்புவதாக நினைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் காலியாகும். இன்வெர்ட்டரைப் போடுமுன் இந்த மூன்றின் பிரேக்கரையும் அணைத்திருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

பேட்டரி: இங்கேதான் காசு போகும், போகவும் வேண்டும்

லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் கொண்ட பழைய வகை) பேட்டரியில் அச்சிட்டிருப்பதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறைந்துவிடும். ஆக 100 ஆம்ப் அவர் பேட்டரி கையில் கொடுப்பது 600 வாட் அவர். நம்முடைய 1,700க்கு மூன்று வேண்டும், அதுவும் ஒரே ஒரு நாளைக்கு. ஒவ்வொன்றும் 30 கிலோ பக்கம். சோலாரோடு சேரும்போது இன்னொரு சிக்கலும் உண்டு: லெட் ஆசிட் 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும், கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் மெதுவாகக் குடிக்கும், அதற்குள் வெயில் போய்விடும். இப்படித் தினமும் முழுதாக நிரம்பாமலே இருந்தால் உள்ளே சல்ஃபேட் படிந்து கொள்ளளவே சுருங்கும்.

லித்தியம் என்று ஆர்.வி. உலகில் சொல்வது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட் வகை. 12.8 வோல்ட், 100 ஆம்ப் அவர், அதாவது 1,280 வாட் அவர், அதில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். எடை 12 கிலோ பக்கம்தான். லெட் ஆசிட் சில நூறு முறை நிரம்பிக் காலியாகித் தளரும் இடத்தில் இது சில ஆயிரம் முறை தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் பயன்படுத்தக்கூடிய வாட் அவருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் பாதி கரைந்துவிடும். அடிக்கடி ஹூக்கப் இல்லாத இடத்தில் தங்குபவர் இன்றைக்குப் புதிதாக லெட் ஆசிட் வாங்குவதில் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வருடத்தில் ஒன்றிரண்டு முறை போகிறவர், வண்டியோடு வந்ததையே வைத்துக்கொண்டு ஓட்டலாம்.

லித்தியத்துக்கும் பிடிவாதங்கள் உண்டு. பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம். நல்ல பேட்டரிகளில் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் அந்தக் குளிரில் சார்ஜை வெட்டிவிடும். ஆக, உறைபனிக் காலையில் பேனல் மேல் பளீரென்று வெயில் அடித்தாலும் பேட்டரி ஏறாது. பேட்டரியை வண்டிக்குள் வைப்பது, இல்லாவிட்டால் உள்ளேயே சூடாக்கி வைத்த மாடலை வாங்குவது, இரண்டில் ஒன்று வேண்டும். அடுத்தது, பழைய கன்வெர்ட்டர் லெட் ஆசிட்டுக்கென்று செய்தது, லித்தியம் கேட்கும் 14.4 வோல்ட் பக்கம் பெரும்பாலும் போகாது. பேட்டரியை மாற்றினால் கன்வெர்ட்டரையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வோல்ட் மீட்டரை வைத்து மிச்சத்தைக் கணிக்கும் பழக்கம் இதில் எடுபடாது. லெட் ஆசிட்டில் ஓய்வாக இருக்கும்போது 12.7 என்றால் முழுசு, 12.1 என்றால் பாதி என்று படிக்கலாம். லித்தியமோ பெரும்பகுதி நேரம் 13.0க்கும் 13.3க்கும் நடுவே அசையாமல் நின்று, கடைசியில் தடாலென்று விழும். அதனால் ஷண்ட் என்கிற, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் மானிட்டர் ஒன்றைப் போடுங்கள். முழு அமைப்பிலும் மலிவான சாமான்களில் ஒன்று, எனக்குக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

பேனல் எவ்வளவு தரும்

100 வாட் பேனல் 100 வாட் தருவது ஆய்வகத்தில், 25 டிகிரியில், நேர் வெளிச்சத்தில். கூரையில் தட்டையாகக் கிடக்கும் பேனல் சூடேறும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும், மேலே தூசி, சூரியன் சாய்ந்த கோணம். தோராயமாக நான்கு பங்கில் மூன்று பங்குதான் கைக்கு வரும். முழு வெயிலுக்குச் சமமான நேரம் கோடையில் நல்ல இடத்தில் நாலரை மணி என்று வைத்தால், 400 வாட் பேனல் தருவது 400 × 4.5 × 0.75, அதாவது 1,350 வாட் அவர். நம்முடைய 1,700க்கு 500 வாட் வேண்டும். குளிர்காலத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், மேகமூட்டம் என்றால் அதுவும் சந்தேகம்.

நிழல் விஷயத்தில் பேனல் ரொம்ப மோசம். செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை, ஒரு கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கத் தளர்ந்துவிடும். நிழல் பட்ட பகுதியைச் சுற்றிக் கரண்டை விடும் பைபாஸ் டயோடு இருப்பதால் மொத்தமும் போகாது, ஆனால் மறைந்த பரப்பளவைவிடப் பல மடங்கு இழப்பு. கூரையிலேயே இருக்கும் ஏ.சி. பெட்டியின் நிழல்கூடப் போதும். கேம்ப்கிரவுண்டில் இது ஒரு தர்மசங்கடம்: மரத்தடி இடம் குளுகுளுவென்று இருக்கும், பேட்டரி ஏறாது, வெட்டவெளி இடத்தில் பேட்டரி ஏறும், உள்ளே வெந்துபோவோம். மடக்கிக் கையில் தூக்கிச் செல்லும் பேனல் ஒன்று இருந்தால் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு அதை மட்டும் வெயிலில் நீட்டலாம், சூரியனைப் பார்க்கச் சாய்த்தும் வைக்கலாம். வெளியே போகும்போது யாராவது தூக்கிக்கொண்டு போகாமல் பூட்டி வையுங்கள்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். மலிவான பி.டபிள்யூ.எம். வகை, பேனலைப் பேட்டரியின் வோல்ட்டேஜுக்கு இழுத்து இறக்கிவிடும். 18 வோல்ட், 5.5 ஆம்ப் தரும் 100 வாட் பேனல் 13 வோல்ட்டில் மாட்டிக்கொண்டு 72 வாட்தான் தரும். எம்.பி.பி.டி. வகை அந்த மிச்ச வோல்ட்டேஜை ஆம்ப்பாக மாற்றிக் கொடுக்கும். பேனல்களை வரிசையாகக் கோத்தால் மெல்லிய வயர் போதும், நிழலுக்குப் பயப்பட வேண்டும். இணையாகக் கோத்தால் நேர் எதிர். வரிசையில் கோக்கும்போது கன்ட்ரோலரின் வோல்ட் வரம்பைக் கவனியுங்கள். சுமையில்லாமல் 22 வோல்ட் காட்டும் பேனல் நான்கு சேர்ந்தால் 88, கடுங்குளிரில் வோல்ட்டேஜ் ஏறும் என்பதால் அது 100ஐ நெருங்கும், 100 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலர் எரிந்துபோக வாய்ப்பு உண்டு.

இன்வெர்ட்டர், கேபிள், ஃபியூஸ்

2,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது 12 வோல்ட் பக்கத்திலிருந்து 170 ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். வீட்டு வயரிங் பார்த்த கண்ணுக்கு இது புரியாது. விரல் தடிமனுள்ள செம்புக் கேபிள், முடிந்தவரை குட்டையாக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கேற்ற ஃபியூஸ். இந்த இடத்தில் சிக்கனம் பார்த்தால் தீப்பிடிக்கும். கையில் பழக்கம் இல்லாதவர்கள் பேனல் மாட்டுவது வரை தாங்களே செய்துகொண்டு, இந்தப் பகுதியை மட்டும் தெரிந்தவரிடம் விடலாம்.

ஒற்றை 100 ஆம்ப் அவர் லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அதன் பி.எம்.எஸ். பெரும்பாலும் 100 ஆம்ப்புக்கு மேல் விடாது, அதாவது 1,280 வாட். பேட்டரி முழுசாக இருந்தாலும் மைக்ரோவேவைப் போட்டதும் எல்லாம் பட்டென்று அணையும். இரண்டு பேட்டரியை இணையாகக் கோத்தால் சரியாகிவிடும். இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், மோட்டாரும் மின்னணுச் சாமானும் மற்றதில் முனகும்.

ஏ.சி. ஓடுமா?

எல்லாரும் கடைசியில் கேட்பது இதுதான். 13,500 பி.டி.யூ. கூரை ஏ.சி. ஓடும்போது 1,300 வாட் பக்கம் எடுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. இரண்டு லித்தியம் பேட்டரி, 2,560 வாட் அவர், அதில் இது இரண்டு மணி நேரம்கூட முழுசாக ஓடாது. நாலு மடங்கு பேட்டரி, கூரை நிறையப் பேனல் என்று செலவழித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெயில் கொளுத்தும் வாரத்தில் ஹூக்கப் உள்ள இடத்தில் வாடகை கொடுத்துத் தங்குவது அதைவிட மலிவு. பொதுவாகவே சூடாக்குவது, குளிரவைப்பது இரண்டையும் ப்ரொபேனிடமோ வெளிக் கரண்டிடமோ விட்டுவிட்டு, மற்றதைப் பேட்டரியில் ஓட்டுவது நடைமுறைக்கு ஒத்து வரும். காபி மெஷின், ஹேர் ட்ரையர் மாதிரி சில நிமிடங்கள் ஓடுபவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம்.

நாலு நாள் மழை என்றால் எவ்வளவு பேனல் இருந்தும் பயனில்லை, அதனால் சின்ன ஜெனரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். வண்டி ஓடும்போது இன்ஜினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் சார்ஜ் ஏற்றலாம், ஆனால் லித்தியம் என்றால் நடுவே கரண்டை அளவோடு விடும் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம். லித்தியம் கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். விளக்கு, போன், லேப்டாப் மட்டும் போதும் என்பவருக்கு இந்த வயரிங் எதுவுமே வேண்டாம், எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய போர்ட்டபிள் பவர் ஸ்டேஷனும் மடக்குப் பேனல் ஒன்றும் போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஷண்ட் மானிட்டரை மட்டும் மாட்டிக்கொண்டு, ஹூக்கப் உள்ள ஒரு இடத்தில் ஒரு ராத்திரி தங்குங்கள், ஆனால் ப்ளக்கைச் செருகாதீர்கள். எப்போதும் போல விளக்குப் போட்டு, ஃபேன் போட்டு, ஹீட்டர் வேண்டுமானால் ஹீட்டரும் போட்டுத் தூங்குங்கள். லெட் ஆசிட் என்றால் பாதிக்குக் கீழே இறங்கும்போது நிறுத்திவிட்டுச் செருகிக்கொள்ளலாம், கரண்ட் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் எழுந்ததும் மானிட்டர் காட்டும் ஆம்ப் அவரை 12ஆல் பெருக்கி, பகல் செலவையும் அதே மாதிரி எடுத்து, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.